அந்த அமைதி யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் பதினோரு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை மாதம் 26,000 ரூபாய். கணவர் அண்ணா சாலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். நான் தியாகராய நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 74 வயதான மாமியார் எங்களுடன் இருக்கிறார். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, அரை கிரவுண்டில் ஒரு தனி வீடு 72 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறது. வாசலில் வேப்பமரம், வண்டிச் சத்தமே இல்லாத தெரு. 22 லட்சம் சேமிப்பு இருக்கிறது, 50 லட்சம் கடன் வாங்கினால் போதும் என்கிறார் கணவர். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. போகலாமா?
– வாசகி, சென்னை-33

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைத்தான் மேலே சுருக்கித் தந்திருக்கிறோம். அதில் வேப்பமரத்துக்கும் அமைதியான தெருவுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள்; மாமியாருக்கு ஒன்றரை வரிதான் கிடைத்திருந்தது. அந்த ஒன்றரை வரியிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

அந்தத் தெருவின் அமைதியில் வார நாட்களில் வாழப்போகிறவர் யார் என்று ஒரு காகிதத்தில் மணி வாரியாக எழுதிப் பாருங்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் ஆகும். வீட்டிலிருந்து நிலையம் வரையிலான மூன்று கிலோமீட்டர், வண்டியை நிறுத்திப் பூட்டும் நேரம், ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம், இறங்கியபின் பள்ளிக்கு நடக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால், எட்டரை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய நீங்கள் ஆறே முக்காலுக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். கணவர் திரும்பும்போது இரவு எட்டரை ஆகிவிடும். உங்கள் இருவருக்கும் அந்த வேப்பமரம் ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் படும். மாமியாருக்கோ நாள்தோறும் ஒன்பது, பத்து மணி நேரம் அந்த அமைதியோடு தனியாக இருக்க நேரிடும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு என் அம்மாவை அழைத்துக்கொண்டு திருவல்லிக்கேணியிலிருந்து பெருங்களத்தூருக்குக் குடிபோனேன். திருவல்லிக்கேணியில் அம்மாவுக்குக் காலையில் பால்காரரோடும், பதினொரு மணிக்குக் காய்கறித் தள்ளுவண்டிக்காரரோடும், மாலையில் பார்த்தசாரதி கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்களோடும் பேச்சு இருக்கும். யாரும் அதை ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை, தெருவே கொடுத்தது. புதிய வீட்டில் நல்ல காற்று வந்தது, கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது, ஆனால் மாலை நான்கு மணியிலிருந்து அவர் வாசற்படியில் அமர்ந்து இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. ஒருநாள் இரவு வீடு திரும்பியபோது, "இன்னிக்கு என்கிட்ட வாய் திறந்து பேசற முதல் ஆள் நீதாண்டா" என்றார். அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நகரத்துக்குத் திரும்பிவிடவில்லை. அதே பெருங்களத்தூரில், ரயில் நிலையத்தை ஒட்டிய, பிள்ளையார் கோயிலும் பால் பூத்தும் உள்ள சற்றே சத்தமான ஒரு தெருவுக்கு வாடகைக்கு மாறினோம். ஆறு மாதத்துக்குள் அம்மாவுக்கு அந்தத் தெருவில் எல்லாரையும் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன், கூடுவாஞ்சேரி உங்களுக்கு ஆகாத ஊர் அல்ல. நிலையத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த மூன்று கிலோமீட்டர்தான் என்னை யோசிக்க வைக்கிறது.

அந்தத் தூரத்தை மருத்துவத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காட்டாங்கொளத்தூர்ப் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. ஆகவே வசதி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் பெருங்களத்தூர் முதல் பரனூர் சுங்கச்சாவடி வரை ஜி.எஸ்.டி. சாலை என்னும் தெற்கு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பதை, ஊருக்குப் போய்வந்த எவரும் அறிவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து, மாமியாரைச் சேர்க்க நினைக்கும் மருத்துவமனை வாசல் வரை கணவரை ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அந்தத் தெருவை எந்த அடையாளம் சொல்லி விளங்கவைப்பீர்கள் என்பதையும் அன்றே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். 72 லட்சத்தில் 50 லட்சம் கடன் போக மீதி 22 லட்சம், அது கையில் இருக்கிறது என்பது உங்கள் கணவர் போட்ட கணக்கு. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் செலுத்த வேண்டும். 72 லட்சத்துக்கு அது 6 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய். அந்தத் தொகை உங்கள் கணக்கில் எங்கும் இல்லை. வங்கிகளும் பொதுவாக அதற்குக் கடன் தருவதில்லை. சேமிப்பு முழுவதையும் வீட்டு விலையிலேயே போட்டுவிட்டால், பதிவுச் செலவுக்கு நகையை அடகு வைக்க வேண்டிவரும். அதற்கு மேல், 50 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் 43,391 ரூபாய். இன்றைய வாடகையைவிட இது 17,000 ரூபாய்க்கும் அதிகம். இரண்டாவது ஸ்கூட்டர், நிலையத்தில் வண்டி நிறுத்தும் செலவு, கேன் தண்ணீர், மின்தடைக்கு இன்வெர்ட்டர், செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் லாரி என்று புறநகர்த் தனி வீடு தனக்கென ஒரு மாதச் செலவுப் பட்டியலையே வைத்திருக்கும். இதய நோயாளி இருக்கும் குடும்பத்தில் கையிருப்பைச் சுழியமாக்கிவிட்டு வீடு வாங்குவதை என்னால் ஆதரிக்க முடியாது.

தண்ணீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பாதாளச் சாக்கடை வராத தெருவில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு ஆழ்குழாய்க் கிணறும் ஒரு செப்டிக் டேங்க்கும் இருக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஐம்பது அடியாவது வேண்டும் என்பார்கள். அரை கிரவுண்டு என்பது முப்பதுக்கு நாற்பது அடி. அதை மூலைக்கு மூலை அளந்தாலே சரியாக ஐம்பது அடிதான் வரும். உங்கள் மனைக்குள் அந்த இடைவெளியை விட்டாலும், பக்கத்து வீட்டுத் தொட்டி உங்கள் கிணற்றுக்கு எத்தனை அடியில் இருக்கிறது என்று யாரும் அளந்திருக்கமாட்டார்கள். ஆகவே தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து, கரைந்துள்ள மொத்த உப்பின் அளவையும் கிருமிகள் உள்ளனவா என்பதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். ஒருமுறை கார்த்திகையிலும் ஒருமுறை சித்திரையிலும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மழைநீரை இன்னும் கவனமாகப் பாருங்கள். இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, மண்ணிவாக்கம், ஆதனூர் வழியாக அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இன்றும் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் புகுந்தது. வெயில் காலத்தில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு எல்லா மனையும் மேடாகவே தெரியும். தரகரிடம் கேட்பதைவிட, அந்தத் தெருவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கும் ஒரு பெண்மணியிடம் போய், எந்த மழைக்கு எந்தப் படி வரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். பழைய வீடுகளில் மின்சார மீட்டரை எந்த உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புல வரைபடத்தை வாங்கி, பக்கத்துப் புல எண்களில் ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு நில அளவையாளரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் யோசித்த பிறகு நான் சொல்வது இதுதான்: இப்போது வாங்காதீர்கள், ஆனால் போய் இருந்து பாருங்கள். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன், மே மாதத்தில், கூடுவாஞ்சேரி நிலையத்திலிருந்து மாமியார் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள். மகள் இப்போதைய பள்ளியிலேயே தொடரட்டும். ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் அங்கே கழித்துவிடுவீர்கள். பள்ளியை மாற்றுவதானால் பத்தாம் வகுப்புக்குள் நுழையும் முன்பே முடிவு செய்யவும் அவகாசம் இருக்கும். அதற்குள் அந்த வேப்பமரத்து வீடு கைமாறிவிடலாம். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஊரில் வீடு விலைக்கு வருவது நின்றுவிடப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. இந்த முடிவைப் பற்றி மாமியாரிடம் பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவரை ஒருநாள் அழைத்துப்போய், காலையிலிருந்து மாலை வரை அந்தத் தெருவில் இருக்கவிட்டு, அவருக்கு எப்படி இருந்தது என்று நீங்களே கேளுங்கள். மகன் கேட்டால் "உங்க இஷ்டம்பா" என்றுதான் பெரும்பாலான தாய்மார்கள் சொல்வார்கள்.

கேள்வி: நானும் மனைவியும் மயிலாப்பூரில் சொந்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 67. பிள்ளைகள் வெளிநாட்டில். இதை விற்றுவிட்டுத் திருநின்றவூரில் தனி வீடு வாங்கி, மீதிப் பணத்தை வங்கியில் போடலாம் என்று எண்ணுகிறோம். பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இருதயாலீஸ்வரர் கோயிலும் அருகில் இருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை-4

பதில்: ஒரே ஊரில் திவ்யதேசமும், பூசலார் நாயனார் மனத்திலேயே கட்டிய கோயிலின் நினைவும் இருப்பது பெரிய ஈர்ப்புதான். உங்கள் விருப்பத்தை நான் மறுக்கமாட்டேன். விற்பதைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். மயிலாப்பூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் ஒரு பகுதியைக் கொடுத்துத் திருநின்றவூரில் குடியிருங்கள். விற்றுவிட்டால், மனம் மாறித் திரும்ப நினைக்கும்போது அதே பணத்துக்கு மயிலாப்பூரில் வீடு கிடைக்காது.

இப்போது உங்களால் ஸ்கூட்டர் ஓட்ட முடிகிறது. எழுபத்தைந்தில் பார்வை மங்கி ஓட்ட முடியாத நாளை மனத்தில் வைத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள். மருந்துக் கடை, மளிகை, ரயில் நிலையம், கோயில் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பின் மனைவி தனியாக அங்கே இருக்க முடியுமா என்ற கேள்வியையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுங்கள். அதைத் தவிர்ப்பது அன்பாகாது. ஏரியை ஒட்டிய நகர்களில் 2021 நவம்பர் மழையில் தண்ணீர் தேங்கியது என்பதால், அந்தப் பக்கம் வீடு பார்ப்பதானால் மழைக்குப் பிறகு பாருங்கள்.

கேள்வி: ஊரப்பாக்கம் அருகே ஒரு மனை குறைந்த விலைக்கு வருகிறது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்கிறார் தரகர். நம்பலாமா?
– வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வேண்டும், பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை அதற்கு ஈடாகாது. அனுமதியில்லாத பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே அவை பொருந்தும். அதன்படி வரன்முறை செய்யப்பட்டிருந்தால் ஆணையின் நகலைக் கேளுங்கள். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டாவில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். இந்தக் காகிதங்களை ஒரு வழக்கறிஞர் படித்து முடிக்கும் வரை முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "நாளைக்கே வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள்.