சின்ன பட்டறைக்கு ட்ரம் சாண்டர்: எத்தனை இஞ்ச்ங்கிறத கடைசியா பாருங்க

கேள்வி: சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல சின்ன யூனிட், ரெண்டு பேர் வேலை. வெட்டுப்பலகை, காபி டேபிள், எப்பவாச்சும் ஒரு டைனிங் டேபிள். ட்ரம் சாண்டர், அதான் உப்புத்தாள் சுத்தின உருளையால பலகைய தேய்க்கிற மெஷின், 16 இஞ்ச் எடுக்கவா, 22 இஞ்ச் எடுக்கவா? அமெரிக்காவுல இருந்து வரவழைச்சா வெல கம்மியா தெரியுதே, அப்படி வாங்கலாமா?

வரவழைக்காதீங்க, அத மொதல்ல சொல்லிடறேன். அங்க கரண்டு 115 வோல்ட்டு 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 230 வோல்ட்டு 50 ஹெர்ட்ஸ். எல்லாரும் வோல்ட்ட மட்டும் பாத்துட்டு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சா சரியா போச்சுன்னு நெனைக்கிறாங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டத்தான் கொறைக்கும், ஹெர்ட்ஸ மாத்தாது. இந்த மெஷின்ல இருக்கிறது இண்டக்‌ஷன் மோட்டார், அது சுத்துற வேகமே ஹெர்ட்ஸ வச்சுதான், அதனால அங்க நிமிஷத்துக்கு 1,700 சுத்து ஓடுறது இங்க 1,400 சொச்சம்தான் ஓடும், மோட்டாரும் வழக்கத்துக்கு மேல சூடாகும். கூட கப்பல் கூலி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி, நாளைக்கு கன்ட்ரோல் போர்டு போச்சுன்னா யாருகிட்ட போய் நிப்பீங்க. இந்த மெஷின் விக்கிற ஜெட் கம்பெனியே ஐரோப்பாவுக்குன்னு 230 வோல்ட்டு மாடல் விக்கிறான், தைவான்ல செய்ற மத்த மெஷின்லயும் அந்த மாதிரி கெடைக்கும். மோட்டார் மேல இருக்கிற தகட்டுல 50 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கான்னு கண்ணால பாத்துட்டு காசு குடுங்க.

ப்ளக் விஷயம் பெரிய தலைவலி இல்ல. ஒன்றரை குதிரை சக்தி மோட்டார் சாதாரண 13 ஆம்ப் ப்ளக்ல ஓடும். ஆனா தூசி இழுக்கிற மெஷினையும் அதே எக்ஸ்டென்ஷன்ல சொருகாதீங்க, ரெண்டும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகுறப்ப ட்ரிப் ஆகும், அதுக்கு தனி சாக்கெட் வேணும்.

இப்ப அளவுக்கு வரேன். ஜெட், சூப்பர்மேக்ஸ் மாதிரி கம்பெனிக்காரங்க 16-32, 22-44னு பேர் வைக்கிறாங்க இல்லயா, மொத நம்பர் ட்ரம்மோட அகலம், ரெண்டாவது நம்பர் பலகைய திருப்பிப் போட்டு ரெண்டு தடவ விட்டா எவ்வளவு அகலம் தேய்க்கலாம்ங்கிறது. ட்ரம்ம ஒரு பக்கம் மட்டும் தாங்கி, மறுபக்கம் தெறந்திருக்கிற மெஷின்லதான் இது நடக்கும். கேக்குறப்ப 16 இஞ்ச் காசுக்கு 32 இஞ்ச் கெடைக்குதேன்னு ஆசையா இருக்கும். நான் அந்த ரெண்டாவது நம்பர பாதிதான் நம்புவேன். ஏன்னா தெறந்த பக்கத்துல ட்ரம் ஒரு முடி அளவு எறங்கி இருந்தாக்கூட நடுவுல ஒரு கோடு விழும், வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா தெரியாதது எண்ணெய் பூசினதும் பளிச்சுனு தெரியும். அகலமான பலகை ஓட்டுறப்ப தெறந்த பக்கத்த கடுகளவு தூக்கி வைக்கணும், குறுகலான பலகைக்கு மறுபடி மட்டமாக்கணும், இதுக்கு லேசா திருப்புற மாதிரி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிற மெஷின் வாங்குங்க. சிலதுல நாலு போல்ட்ட தளத்தி கீழ படுத்து அடிச்சு அடிச்சு சரி பண்ணணும், வேல கெட்டுப் போயிடும்.

இன்னொண்ணு, ஜெட் 16-32ல மோட்டார் ஒன்றரை குதிரை சக்தி, 22-44ல ஒண்ணே முக்கால். அகலம் 6 இஞ்ச் கூடுது, சக்தி கால்தான் கூடுது. முழு அகலத்துக்கு தேக்கு போட்டா பெரிய மெஷின் இன்னும் மெதுவாத்தான் போகணும். நீங்க சொல்ற வேலையில முக்காவாசி வெட்டுப்பலகை, அது 16 இஞ்சுக்குள்ளதான் இருக்கும். எப்பவாச்சும் வர்ற டைனிங் டேபிளுக்காக வருஷம் முழுக்க யூனிட்ல எடத்த அடைச்சு வைக்கிறது நம்ம ஊர் வாடகைக்கு கட்டுப்படியாகாது. டேபிள் டாப்ப லாரியில ஏத்தி வைட் பெல்ட் சாண்டர், அதான் அகலமான உப்புத்தாள் பெல்ட் ஓடுற பெரிய மெஷின், வச்சிருக்கிற பெரிய பட்டறைக்கு குடுத்து கூலிக்கு தேய்ச்சு வாங்குங்க. சுங்கை காடுட் பக்கம் மரத்தொழில் ரொம்ப காலமா இருக்கு, இப்ப அந்த ஏரியாவையே மாத்தி அமைக்கிறாங்க, நெறைய பேர் எடம் மாறியாச்சு, அதனால போன் போட்டு கேட்டுட்டு போங்க. மூணு ஃபேஸ் கரண்டு, காத்து கம்ப்ரஸர் எல்லாம் வச்சு ஓட்டுற மெஷின் அந்த வைட் பெல்ட், நம்ம ட்ரம் சாண்டர் ஒரு மத்தியானம் பூரா செய்றத அது டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சு வச்சிருக்கும்.

அப்புறம் ட்ரம் சாண்டர் என்ன செய்யும்னு தெளிவா இருங்க, பாதி பேருக்கு ஏமாத்தம் இங்கதான். இது பிளேடால மரத்த சீவுற ப்ளேனர் இல்ல. எங்க பட்டறையில மன்னார்குடி அண்ணே ஒருத்தர் இருக்காரு, ஊர்ல இழைப்புளி புடிச்சு வளந்தவரு, அவரு சொல்வாரு, "ப்ளேனர் மரத்த திங்கும்பா, இது நக்கும், அவ்ளோதான்." 80 நம்பர் தாள் (நம்பர் கூடக் கூட தாள் நைஸா இருக்கும்) போட்டாலும் ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர்கூட எடுக்கக்கூடாது, ஜெட் 16-32ல கைப்பிடிய கால் சுத்து திருப்புனா ஒரு இஞ்சுல 64ல ஒரு பங்கு எறங்கும், அதுதான் எல்லை. 120க்கு மேல போனா அதுல பாதிகூட வேணாம். வளைஞ்ச பலகைய இதுல போட்டு நேராக்க முடியாது, பலகைய நகத்துற பெல்ட் மேல அழுத்துற உருளை பலகைய தட்டையா அமுக்கும், வெளிய வந்ததும் அது பழையபடி வளைஞ்சுக்கும், மேல மட்டும் வழவழன்னு இருக்கும்.

அப்ப எதுக்குதான் வாங்கணும்? வெட்டுப்பலகைக்கு. வெட்டுமுகம் மேல பாத்த மாதிரி சின்னச் சின்ன கட்டையா ஒட்டுற பலகைய ப்ளேனர்ல விட்டா ஓரம் பிச்சுக்கிட்டு போகும், சமயத்துல பலகையே வெடிச்சு தெறிக்கும், ஆபத்து. ட்ரம் சாண்டர்ல பொறுமையா விட்டா ஒண்ணும் ஆகாது. அதே மாதிரி தூங்குமூஞ்சி மரம், ரோட்டோரத்துல வெட்டுறத பலகையா அறுத்து விக்கிறாங்களே, அதுல ரேகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பின்னிக்கிட்டு ஓடும், ப்ளேனர் பிளேடு எப்படிப் போனாலும் எங்கயாவது பேத்துடும், அதுக்கும் இதுதான் சரி. ஆனா மரம் காஞ்சிருக்கணும். நம்ம ஊர் ஈரப்பதத்துல தெறந்த யூனிட்ல கெடக்கிற மரம் 15, 16 விழுக்காடு ஈரம் வச்சிருக்கும், அத தேய்ச்சு ஏர்கான் ஓடுற காண்டோ வீட்ல கொண்டுபோய் வச்சா கொஞ்ச நாள்ல வளைஞ்சு நிக்கும், மெஷின கொற சொல்லி பிரயோஜனமில்ல.

தேக்கு தேய்ச்சா ஒண்ணு நடக்கும், முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க. நாலஞ்சு பலகை நல்லா வரும், அடுத்த பலகையில நீளத்துக்கு பென்சில்ல கிழிச்ச மாதிரி ஒரு கருப்புக் கோடு. மெஷின நிறுத்தி, ப்ளக்க புடுங்கிட்டு மூடிய தெறந்து பாத்தா ட்ரம் தாள்ல அதே எடத்துல ஒரு சின்னப் பட்டை மட்டும் கண்ணாடி மாதிரி மின்னும். தேக்கோட எண்ணெய், இல்லன்னா சுரண்டாம விட்ட பசைத்துளி, சூட்டுல உருகி அங்க ஒட்டிக்கிட்டிருக்கும், அந்த எடம் தேய்க்காது, சுடும். க்ரேப் ரப்பர் கட்டைன்னு விக்கிறாங்க, ட்ரம் ஓடுறப்ப அத தாள் மேல அழுத்துனா அழுக்கு அதுல உருண்டு வந்துடும், மெஷின்காரன் புத்தகத்துல சொன்ன மாதிரி மட்டும் செய்ங்க, கை ட்ரம்முகிட்ட போகக்கூடாது. ரொம்ப கருகிப் போச்சுன்னா ரப்பரும் உதவாது, தாள் மாத்த வேண்டியதுதான். பலகைய நேரா விடாம கொஞ்சம் சாய்ச்சு விட்டா கோடு விழுறது நல்லா கொறையும்.

தாள் மாத்துறதத்தான் கடையில கேட்டுப் பாக்கணும். ட்ரம்ம சுத்தி பட்டையா சுத்தி ரெண்டு முனையையும் ட்ரம்முக்கு உள்ள இருக்கிற ஸ்ப்ரிங் கிளிப்புல மாட்டணும், வலது பக்கக் கிளிப்பு எடம் குறுகல், என் மாதிரி தடிச்ச விரலுக்கு அது ஒரு சோதனைதான். புதுத் தாள் ஓட ஆரம்பிச்சதும் கொஞ்சம் நீளும், அந்த தளர்ச்சிய ஸ்ப்ரிங்கு இழுத்துக்கணும், இழுக்கலன்னா தாள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ஒரு நிமிஷத்துல கிழிஞ்சிடும். அதனால கடையில நீங்களே ஒரு தடவ மாட்டிப் பாருங்க. சுருளா வாங்கி நீங்களே வெட்டிக்கிட்டா காசு மிச்சம், ஆனா சுருள மூடி போட்ட டப்பாவுல வைங்க, ஈரத்துல துணி முதுகு தளந்துடும். 80, 120 ரெண்டு நம்பர் போதும், அதுக்கு மேல கையில பிடிச்சு ஓட்டுற ஆர்பிட்டல் சாண்டர்ல முடிச்சுக்குங்க, எப்படியும் ட்ரம் கோட எடுக்க அது வேணும்.

இனிமேதான் முக்கியமான சங்கதி. உங்ககிட்ட சரியான டஸ்ட் கலெக்டர், அதான் தூசி இழுக்கிற மெஷின், இல்லன்னா இந்த மெஷினே வாங்காதீங்க. பட்ஜெட் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா மொதல்ல கலெக்டர் வாங்குங்க, சாண்டர் அடுத்த வருஷம் வரட்டும். ட்ரம் சாண்டர் தூசி ப்ளேனர் சீவல் மாதிரி கீழ விழாது, மாவு மாதிரி மிதக்கும், நீங்க மெஷின நிறுத்தி சாப்பிட போய்ட்டு வந்தாலும் லைட்டு வெளிச்சத்துல அது இன்னும் ஆடிக்கிட்டிருக்கும். மரத்தூசி மனுஷனுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே முதல் பிரிவுல போட்டாச்சு. 2013 ஜூன்ல புகைமூட்டம் வந்து பிஎஸ்ஐங்கிற காத்து மாசு அளவு 400 தொட்டப்ப ஊரே என்95 மாஸ்க்குக்கு வரிசையில நின்னுச்சு, மரப்பட்டறையில தெனமும் அதவிட மோசமா கெடக்குது, ஒருத்தரும் கண்டுக்கிறதில்ல.

வீடு துடைக்கிற வேக்குவம், ஷாப் வேக்குவம் எல்லாம் இதுக்கு ஆகாது. 4 இஞ்ச் குழாய், நிமிஷத்துக்கு 600 கன அடி காத்துக்கு கொறையாம இழுக்கணும். கலெக்டர் மேல துணிப்பை இருந்தா அத தூக்கிப் போட்டுட்டு 1 மைக்ரான் ஃபில்டர் டப்பா மாட்டுங்க, 30 மைக்ரான் துணிப்பை பெரிய தூளப் புடிச்சுட்டு நுரையீரலுக்குப் போறத திருப்பி உங்க மூஞ்சில ஊதும். குழாய் சின்னதா, வளைவு கொறச்சலா இருக்கட்டும். பக்கத்து யூனிட்ல பிரிண்டிங்கோ வேற எதுவோ இருந்தா தூசிக்காக சண்டை வரும், வாடகை ஒப்பந்தத்துல மர வேலைக்கு அனுமதி இருக்கான்னும் பாத்துக்குங்க. பழைய பேலட் மரம் தேய்க்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு, ஆணி இருந்தா தாள் கிழியிறது மட்டும் இல்ல, பொறி தூசிப்பைக்குள்ள போகும், என்ன நடக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. மெட்டல் டிடெக்டர் வச்சு தடவிட்டு போடுங்க.

பழைய பொருள் வாங்கி விக்கிற கேரோசெல் ஆப்ல பழைய மெஷின் வந்தா பயப்படாம போய்ப் பாருங்க, இதுல கெட்டுப் போறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. பெல்ட் ஒரு பக்கமா ஓடி ஓரம் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. ப்ளக்க புடுங்கிட்டு ஒரே பருமன்ல ரெண்டு கட்டைய மேசையோட ரெண்டு ஓரத்துலயும் வச்சு, ட்ரம்ம கையால சுத்திக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க, தாள் ரெண்டு கட்டையிலயும் ஒரே நேரத்துல சரக்குனு உரசணும். ஒரு பக்கம் உரசி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இன்னொரு பக்கம் உரசுதுன்னா அட்ஜஸ்ட் பண்ணி சரியாகுதான்னு அங்கயே பாத்துடுங்க, ஆகலன்னா விட்டுடுங்க.

உங்க எடத்துல நான் இருந்தா 16 இஞ்ச், ஒரு பக்கம் தெறந்தது, 50 ஹெர்ட்ஸ் மோட்டார், இங்கயே தாளும் பெல்ட்டும் ஸ்டாக் வச்சிருக்கிற கடையில வாங்குவேன், 22 இஞ்சுக்கு மிச்சமாகுற காச அப்படியே கலெக்டர்ல போடுவேன். பாக்கப் போறப்ப உங்க வெட்டுப்பலகை ஒண்ண பசை சுரண்டி கையோட எடுத்துட்டுப் போங்க, அத ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, ஓட்ட மாட்டேன்னா வேற கடை பாருங்க.