வளர்ப்பு எலியை வலியில்லாமல் வழியனுப்புவது எப்படி?

இரண்டரை வயது எலி சாப்பிட மறுக்கிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, கருணைக்கொலை சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எலியின் ஆயுளே 2 முதல் 3 ஆண்டுதான். இந்த மூச்சுத்திணறல் மிக மோசமான அறிகுறி; இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அது படுத்துறங்கும் துணியையும் துவைக்காமல் கூடவே வையுங்கள், பாவம், அந்த வாசனைதான் அதற்கு ஆறுதல்.

கருணைக்கொலைதான் என்று முடிவானால், மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: முதலில் ஐசோஃப்ளுரேன் வாயுவால் முழு மயக்கம், அதன் பிறகே உயிரை நிறுத்தும் மருந்தான பென்டோபார்பிட்டால் ஊசி. நினைவோடு இருக்கும்போது இதயத்தில் ஊசி போட்டால் கடுமையாக வலிக்கும். வீட்டில் ஃப்ரீசரில் வைப்பது கொடுமை, வேண்டவே வேண்டாம்.

கூண்டுத் துணை இருந்தால் உடலைச் சிறிது நேரம் முகர்ந்து பார்க்க விடுங்கள். புதைப்பதைவிடத் தகனமே நல்லது. பென்டோபார்பிட்டால் உடலில் தங்கிவிடும், தோண்டித் தின்னும் நாயையும் கொல்லக்கூடும்.