எடுக்காத ஓ.டி.யை வங்கி ரத்து செய்தால் என்ன செய்வது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். 14 வருடமாக ஒரே வங்கியில் 20 லட்ச ரூபாய் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட், லிமிட் வரை தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) வைத்திருக்கிறேன். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது. ஒரு முறைகூட வட்டி பாக்கி வைத்ததில்லை. கடந்த இரண்டு வருடமாக அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. இப்போது, 'பயன்பாடு இல்லாததால் லிமிட் புதுப்பிக்கப்படாது, 30 நாளில் முடிவுக்கு வரும்' என்று கடிதம் வந்திருக்கிறது. வங்கி இப்படிச் செய்யலாமா? தீபாவளி ஆர்டருக்குக் கட்டி வெள்ளி வாங்க இதைத்தான் நம்பியிருந்தேன்.

பதில்: செய்யக் கூடாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் செய்யலாம். ஓ.டி. பொதுவாக 12 மாதத்துக்குத் தரப்படும் வசதி. 14 வருடம் ஓடியது என்றால் வருடா வருடம் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த வருடம் போடவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சாங்ஷன் கடிதத்தை, அதாவது கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து நிபந்தனைகள் பகுதியைப் பாருங்கள். முன்னறிவிப்போ காரணமோ இல்லாமல் வசதியை ரத்து செய்ய வங்கிக்கு உரிமை உண்டு என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். அது சும்மா போட்ட வரி இல்லை. அந்த வரி இருந்தால், சிறு கணக்குகளில் நீங்கள் எடுக்காமல் வைத்திருக்கும் தொகைக்கு வங்கி தன் சொந்தப் பணத்தை மூலதனமாக ஒதுக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால், ஒரு வருட லிமிட்டில் எடுக்காத பணத்தில் 20 சதவீதத்தைக் கொடுத்த கடனாகவே பாவித்து அதற்கு மூலதனம் காட்ட வேண்டும். அதனால் எந்த வங்கியும் அந்த வரியை விடாது.

ஏன் இப்போது? எடுக்காத லிமிட்டில் வங்கிக்கு வட்டி வருமானம் பூஜ்யம். வேலை மட்டும் குறையாது. வருமான வரித் தாக்கல், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் வாங்கிப் பார்த்து வருடா வருடம் கோப்பை நகர்த்த வேண்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியிலிருந்து 180 நாள் தாண்டிவிட்டால் கணக்கை வாராக்கடனாக வகைப்படுத்தச் சொல்கிறது ரிசர்வ் வங்கி விதி. தூங்கும் கணக்குக்காக அந்தத் தலைவலியை எந்த மேலாளரும் விரும்ப மாட்டார். உங்களை நேரில் அறிந்த மேலாளர் எப்போதோ மாற்றலாகிப் போயிருப்பார். இன்று கோப்பைப் பார்ப்பவர் உங்கள் கடை வாசலை மிதித்திருக்கவே மாட்டார்.

வெளியே சொல்லாத பயம் ஒன்றும் உண்டு. இரண்டு வருடம் தொடாத லிமிட்டை ஒருவர் ஒரே நாளில் முழுசாக எடுத்தால், 'இவருக்கு ஏதோ சிக்கல்' என்றுதான் கடன் மேசையில் இருப்பவர் முதலில் நினைப்பார். ஆகவே 'போவதற்குள் 20 லட்சத்தையும் எடுத்து வைத்துக்கொள்வோம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 30 நாளில் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். முடியாமல் 90 நாள் இழுத்தால், 14 வருடம் காப்பாற்றிய பெயர் போய்விடும்.

நீங்கள் சொல்லாத ஒரு விஷயத்தைக் கேட்கிறேன். இந்த இரண்டு வருடமும் வியாபாரப் பணம் எந்தக் கணக்கில் வந்தது? பலர் ஓ.டி.யை ஒரு வங்கியில் வைத்துக்கொண்டு, ஆப் வசதியாக இருக்கிறது, கடைக்கு எதிரிலேயே கிளை இருக்கிறது என்று வடக்கத்தி வியாபாரிகளிடமிருந்து வரும் பணத்தையெல்லாம் இன்னொரு வங்கியின் நடப்புக் கணக்கில் வாங்குகிறார்கள். ஓ.டி. கொடுத்த வங்கியின் கம்ப்யூட்டரில் அவர்களுக்கு வியாபாரமே இல்லை. உங்கள் கதை இதுதான் என்றால், கடிதத்தில் 'பயன்பாடு இல்லை' என்று எழுதியிருப்பதன் முழு அர்த்தம் அதுவே. ஸ்டாக்கும் ஈடாக இருந்தால் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (கையில் இருக்கும் சரக்கின் கணக்கு) ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் அதை வைத்து எடுக்கும் பணமே முறையற்றதாகிவிடும். அதாவது லிமிட் காகிதத்தில் இருந்தாலும் கையில் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியதற்கு வருவோம். லிமிட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் செக் புத்தகத்தைத் திறங்கள். கட்டி வெள்ளி கொடுத்தவரிடமோ வாடகைக் கட்டடக்காரரிடமோ இந்தக் கணக்கின் செக் தேதி போட்டும் போடாமலும் கிடக்கிறதா? அடிக்கட்டையைப் புரட்டி ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துத் திரும்ப வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் வேறு கணக்குச் செக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பணம் இல்லாமல் திரும்பும் செக்குக்குச் செலாவணி முறிச்சட்டம் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கே போடலாம். கணக்கு மூடப்பட்டது என்று திரும்பினாலும் அதே கதிதான். 'வங்கி ரத்து செய்துவிட்டது' என்ற பதில் அங்கே எடுபடாது.

அதேபோல, சரக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தை வருடா வருடம் வங்கியே இந்தக் கணக்கில் பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கலாம். லிமிட் போனால் அதுவும் சத்தமில்லாமல் நின்றுவிடும். உங்கள் சரக்கு வெள்ளி. பாலிசி காலாவதியானது திருட்டுப் போன பிறகு தெரிய வேண்டாம். அடுத்த பிரீமியத்தை நீங்களே கட்டி, பாலிசியில் இருக்கும் வங்கிப் பெயரைக் கணக்கு முடிந்ததும் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கடிதம். கிளையில் போய்ச் சத்தம் போடுவதைவிட ஒரு பக்கக் கடிதம் அதிகம் சாதிக்கும். அதில் 20 லட்சம் வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். இது என் அழுத்தமான கருத்து. பத்து லட்சமாகக் குறைத்துப் புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள். முழு லிமிட்டுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்ட அதிகாரிக்கு, குறைந்த லிமிட்டுக்கு 'சரி' என்று சொல்வதில் கௌரவப் பிரச்சினை இல்லை. தேவையைக் காகிதத்தில் காட்டுங்கள். கடந்த 12 மாத ஜி.எஸ்.டி. தாக்கல், இரண்டு மூன்று வருட வருமான வரி நகல், கையில் இருக்கும் ஆர்டர்கள், இன்றைய ஸ்டாக் எல்லாம் வேண்டும். உங்களுக்கு ஒரு நல்ல வாதமும் இருக்கிறது. 2025-இல் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, அதே எடைக் கொலுசுக்கு முன்பைவிடப் பெரிய தொகையை முடக்க வேண்டியிருக்கிறது. சொந்தப் பணத்தில் சமாளித்த காலம் முடிந்தது என்பதைக் கிலோக் கணக்கோடு ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டுக் காட்டுங்கள்.

கூடவே தீபாவளி முடியும் வரை அவகாசமும் கேளுங்கள். கொடுத்த கடனைத் திரும்பக் கேட்பதானால் ஒப்பந்தத்தில் சொன்னபடியோ, அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் நியாயமான காலத்துக்கோ அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003-இல் கொண்டுவந்த நியாய நடைமுறை நெறிமுறை (Fair Practices Code) சொல்கிறது. உங்களுக்குப் பாக்கி இல்லாததால் அது நேராகப் பொருந்தாது. ஆனாலும் அந்த நெறிமுறையைக் குறிப்பிட்டு எழுதும் கடிதத்தை யாரும் குப்பைத் தொட்டியில் போட மாட்டார்கள்.

குறைத்துக் கொடுத்தார்கள் என்றால் அதை உயிரோடு வைத்திருக்கச் செலவு அதிகமில்லை. 11 சதவீத வட்டியில் 5 லட்சத்தை 20 நாள் எடுத்தால் வட்டி ஏறக்குறைய 3,014 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டி வெள்ளிக்காரருக்கு இந்தக் கணக்கிலிருந்து கொடுத்து, கொலுசு விற்ற பணத்தை இதிலேயே வரவு வையுங்கள். காலையில் எடுத்து மாலையில் கட்டி 'பயன்பாடு' காட்டும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள். ஸ்டேட்மென்டைப் பார்க்கிற யாருக்கும் அது தெரிந்துவிடும்.

முடியவே முடியாது என்று சொன்னால் பத்திரத்தைக் கவனமாக மீட்டுக்கொள்ளுங்கள். கடன் முடிந்து 30 நாளில் பத்திரம் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2023-இல் வந்த அந்த உத்தரவு தனிநபர் கடன்களுக்கானது, வியாபார ஓ.டி.க்கு அதை நம்பிச் சண்டை போட முடியாது. ஆகவே எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் அங்கே ரத்துப் பத்திரம் பதிய வேண்டும். செர்சாய் (CERSAI) என்ற மத்திய அடமானப் பதிவேட்டிலும் வங்கியின் உரிமையை நீக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால்தான் வேலை முடிந்தது. மூலப்பத்திரம் கையில் வந்துவிட்டது என்று இருந்துவிட்டால், பிள்ளைகள் வீட்டை விற்கும்போது பழைய அடமானம் எழுந்து நிற்கும்.

கட்டணம் கேட்பார்களா? 2026 ஜனவரி 1 முதல் சாங்ஷன் ஆன, புதுப்பித்த கடன்களில், வங்கியே முன்வந்து முடித்தால் முன்முடிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கடைசிப் புதுப்பித்தல் அதற்கு முந்தியது என்றாலும் கவலை வேண்டாம். கெடு முடிந்து புதுப்பிக்காமல் விட்டது வங்கி என்பதை எழுதிக் கேளுங்கள். சிபில் அறிக்கையையும் பாருங்கள். ஓ.டி. 'முடிக்கப்பட்டது' என்று இருக்க வேண்டும், 'செட்டில்டு' (பேசிக் குறைத்துக் கட்டி முடித்தது) என்று இருக்கக் கூடாது. தவறு இருந்தால் புகார் கொடுத்த 30 நாளில் திருத்த வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

லிமிட்டை எடுத்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகாதீர்கள். அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளுபடி ஆகும். பத்திரம் தராதது, தப்பான கட்டணம் இவற்றுக்குப் போகலாம். முதலில் வங்கிக்கு எழுதி 30 நாள் பொறுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448.

தீபாவளிக்கு உடனே பணம் வேண்டும் என்றால், ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதன் மேல் ஓ.டி. எடுப்பதுதான் சுலபம், டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். கையில் இருக்கும் கட்டி வெள்ளியை அடகு வைக்கலாம் என்று போகாதீர்கள், கட்டியின் மேல் அப்படிக் கடன் தர ரிசர்வ் வங்கியின் 2025 விதிகள் இடம் தரவில்லை. இன்னொரு வங்கியில் புதிதாகக் கேட்பதானால், சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனம் தருவது பழைய கணக்கு. 80 லட்சம் விற்றுமுதல் காட்டினால் 16 லட்சம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், சிறு தொழில் கடன்களுக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. (CGTMSE) உத்தரவாதத்தில் வீட்டை அடமானம் வைக்காமலே கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆர்டர் கைக்கு வந்த பிறகு ஆரம்பித்தால் எட்டாது, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.