பூட்டின காரை எப்படித் திறக்கிறார்கள்? கேள்விகளும் என் பதில்களும்

கார்ச் சாவி வெட்டுவது, சிப் பதிவது, சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பது, இதுதான் என் தொழில். பூட்டு பற்றி எதையும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இரண்டு சாவியும் வீட்டுக்குள்தான் இருந்தன. கண்ணாடித் துண்டு ஒன்றுகூடக் கீழே இல்லை, வண்டி மட்டும் இல்லை. எப்படி அண்ணா?

பதில்: பாக்கெட்டில் சாவி இருந்தாலே திறக்கும் கீலெஸ் வண்டிதானே? அப்படியென்றால் பெரும்பாலும் ரிலே திருட்டு. கைப்பிடியைத் தொட்டதும் வண்டி சன்னமான குரலில் "சாவி இருக்கிறதா" என்று கேட்கும். அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது, அதனால் பதில் வந்தால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். தூரத்தை அது அளப்பதே இல்லை. ஒருவன் வண்டியருகே, இன்னொருவன் உங்கள் வாசற்கதவருகே, இருவர் கையிலும் கருவி. வண்டியின் குரலை வாங்கிக்கொண்டுபோய்ச் சாவியின் காதில் போடுகிறார்கள், அவ்வளவுதான். ரகசிய எண் எதையும் யாரும் உடைக்கவில்லை, அதனால் அது எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. ஓடத் தொடங்கிய இன்ஜின் சாவி தூரமானாலும் நிற்காது. நடுரோட்டில் நின்றால் ஆபத்து என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். புதிய சில வண்டிகளில் அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கிறது. சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்துத் தூரத்தையே கணக்கிடும்.

கேள்வி: சிக்னலை மறிக்கும் பை வாங்கினால் போதுமா?

பதில்: வாங்கியதும் சாவியை உள்ளே போட்டு மூடி, வண்டியருகே நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறந்தால் அந்தப் பை வீண். என் பையே சில மாதங்கள் ஒழுங்காக வேலை செய்தது. அப்புறம் மூடி மடியும் இடத்தில் உள்துணி தேய்ந்துபோய், ஒருநாள் சோதித்தபோது கதவு சாதுவாகத் திறந்துகொண்டது. இன்னொன்று, தினமும் எடுக்கும் சாவியைப் பையில் போட்டுவிட்டு ஸ்பேர் சாவியை வாசல் பக்கத்து மேசை டிராயரில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். கீலெஸ் வசதியை அணைக்க முடிந்தால் அதுவே நல்லது.

கேள்வி: ரிமோட்டில் பூட்டியது நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வந்தால் கதவு திறந்தே கிடந்தது.

பதில்: நீங்கள் பட்டனை அமுக்கிய நேரத்தில் யாரோ அதே அலைவரிசையில் இரைச்சல் போட்டிருக்கலாம். வண்டிக்கு உங்கள் கட்டளையே போய்ச் சேரவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டோம், காரில் மட்டும் பட்டனை அமுக்கிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நடக்கிறோம்.

கேள்வி: சிக்னலைப் பதிவுசெய்து திரும்பப் போட்டால் திறக்குமாமே?

பதில்: பொதுவாகத் திறக்காது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண் மாறும், ஏற்கெனவே பயன்பட்ட எண்ணை வண்டி ஏற்காது. (குழந்தை கையில் ரிமோட்டைக் கொடுத்து, வண்டிக்கு எட்டாத இடத்தில் அது அமுக்கித் தள்ளியதில் எண் கணக்கு தப்பிப்போய் என்னிடம் வந்தவர்கள் உண்டு.) ஆனால் இரைச்சலால் வண்டியை எட்டாமல் போன எண் இன்னும் செல்லுபடியாகும், அதைப் பதிவுசெய்து பிறகு போட்டால் திறக்கும், அங்கேதான் ஓட்டை. 2015இல் சாமி காம்கர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்தே காட்டினார்.

கேள்வி: அமெரிக்காவில் யூஎஸ்பி கேபிளால் கார் திருடினார்களே?

பதில்: கேபிளில் மந்திரம் ஒன்றும் இல்லை, சாவி போடும் இடத்தை உடைத்துவிட்டுத் திருகுவதற்கு வாகாக இருந்தது, அவ்வளவே. அங்கே 2011 முதல் 2021 வரை விற்ற பல கியா, ஹூண்டாய் மாடல்களில் இம்மொபிலைசர், அதாவது சாவியிலுள்ள சிப்பைச் சரிபார்க்காமல் இன்ஜினை ஓடவிடாத அமைப்பு, கிடையாது. சிப்பைக் கேட்காத வண்டிக்கு எதைத் திருகினாலும் ஒன்றுதான். கனடாவில் 2007 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம்.

கேள்வி: பழைய வண்டி. தம்பியின் வண்டிச் சாவி என் கதவையும் திறக்கிறது!

பதில்: உள்ளே இருக்கும் தகடுகளும் சாவியின் பற்களும் தேய்ந்திருக்கும். தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். சாவி எண் இருந்தால் அதை வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையை எடுத்துவிட்டார்கள். எந்தப் பூட்டு போடலாம்?

பதில்: எதுவும் உதவாது. பல வண்டிகளில் பக்கக் கண்ணாடி ஒரே அடியில் பொடிப்பொடியாக உதிரும் வகை. பையை டிக்கியில் வையுங்கள், ஆனால் கிளம்பும் இடத்திலேயே வையுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்து வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நீங்களே இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி.