உலர்ந்த கடல் அட்டைக்கு ஏழு மாதப் பழைய சைட்டிஸ் அனுமதி

ஏழு மாதத்துக்கு முன் எடுத்த அனுமதியோடு உலர்ந்த கடல் அட்டையை ஏற்றுமதி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. உங்களுடையதுக்கு ஏழு மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திகதியைத் திருத்தித் தரச் சொல்லி பத்தரமுல்லையிலுள்ள வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அலையாதீர்கள்.

திருகோணமலையில் பொதி கட்டும்போது பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவோம். நானும் அப்படிச் செய்து மாட்டியவன்தான். சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்: காய்ந்த பிறகும் பக்கவாட்டில் முலைக்காம்பு போல் முனைகள் துருத்திக்கொண்டிருந்தால் தனியே வையுங்கள். அந்த வகை 2020 ஆகஸ்டிலிருந்து சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில், அதாவது அனுமதியோடு மட்டுமே ஏற்றுமதி செய்யக்கூடியவற்றின் பட்டியலில், இருக்கிறது. விண்ணப்பத்தில் வெறும் 'கடல் அட்டை' போதாது, விஞ்ஞானப் பெயரும் எடையும் வேண்டும்.

அப்புறம், கடற்றொழில் அனுமதி வேறு, இந்தச் சைட்டிஸ் அனுமதி வேறு. புதிய அனுமதி கைக்கு வருமுன் சரக்கைக் கொழும்புக்கு ஏற்றாதீர்கள்.