பரிசலுக்கு ஏற்ற ஜிபிஎஸ் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேட்டூர் அணைத் தண்ணீர் நிற்கும் பகுதியில் பரிசலில் போய் வலை விடுகிறோம். சாயங்காலம் விட்டு விடியற்காலை எடுப்போம். மார்கழியில் பனி மூடினால் மிதவையைத் தேடியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்க எண்ணம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– ம.செ., நாகமரை

பதில்: கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது வண்ணத் திரையும் வரைபடமும்தான். நடு அணையில் வரைபடம் வெறும் நீல நிறமாகத்தான் தெரியும். அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நின்ற இடத்திலேயே திசை காட்டுமா?”

காரணம் பரிசல்தான். ஜிபிஎஸ் தானாக அறிவது இடத்தை மட்டுமே. நீங்கள் நகரும்போதுதான் போகும் திசையைக் கணக்கிடுகிறது. நேராகப் போகும் விசைப்படகில் இது சரியாக வேலை செய்யும். பரிசலோ துடுப்புப் போடுவதை நிறுத்தியதும் மெல்லச் சுழலும். நகர்வு இல்லாததால் கருவியின் அம்புக்குறி கடைசியாகக் காட்டிய பக்கமே நிற்கும், அல்லது தாறுமாறாகத் திரும்பும். அதை நம்பித் துடுப்புப் போட்டால் வலைக்கு எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். உள்ளேயே மின்னணுத் திசைகாட்டி இருக்கும் கருவி அசையாமல் நின்றாலும் திசை சொல்லும்.

கார்மின் நிறுவனத்தின் கருவிகளில் எட்ரெக்ஸ் 10, எட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டிலும் இந்தத் திசைகாட்டி கிடையாது. எட்ரெக்ஸ் எஸ்இ, எட்ரெக்ஸ் 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 79எஸ் ஆகியவற்றில் உண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரே குழம்புவார். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள். திசைகாட்டி இருந்தாலும் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைச் சீர்செய்ய வேண்டும். கருவியில் அதற்கென்று ஒரு பட்டியல் (மெனு) உண்டு, அது சொல்கிறபடி மெதுவாகச் சுழற்றினால் போதும். இதைக் கரையில் செய்யுங்கள். அரிவாள், டார்ச், கைப்பேசி மூன்றும் ஒரு கை தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும்.

இரண்டாவது, மிதக்குமா என்பது. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று பொருள். மிதக்கும் என்று பொருள் இல்லை! எட்ரெக்ஸ் எல்லாமே மூழ்கும். 79எஸ் மிதக்கும், ஆனால் விலை கூடுதல், பேட்டரியும் எட்ரெக்ஸ் அளவுக்குத் தாங்காது. எட்ரெக்ஸ் வாங்கினால் வலைக்குக் கட்டும் மிதவையில் சிறியதாக ஒன்றைக் கருவியின் கயிற்றுத் துளையில் கட்டி, வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பேட்டரியோடு ஏறத்தாழ 150 கிராம் எடை. ஒரு மிதவை தாங்காவிட்டால் இரண்டாகக் கட்டுங்கள். கயிற்றின் மறுமுனையைப் பரிசல் விளிம்பில் கட்டாதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் உயிர்காப்புச் சட்டையில் கட்டுங்கள். பரிசல் கவிழ்ந்தால் கருவி உங்களோடு இருக்க வேண்டும்.

மூன்றாவது பேட்டரி. ஏஏ அளவு பென்சில் பேட்டரி பென்னாகரத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும். எஸ்இ சாதாரண நிலையில் 168 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். திரை விளக்கை எரியவிட்டால் இதெல்லாம் வெகுவாகக் குறையும், விளக்கு அணையும் நேரத்தை 15 விநாடி என்று வையுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் கருவியின் அமைப்பில் பேட்டரி வகையை ‘நிக்கல்’ என்று மாற்றுவது கட்டாயம். ஆல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல் 1.2 வோல்ட். மாற்றாமல் விட்டால், சார்ஜ் மீதம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் கம்பிச்சுருள் அரித்துவிடும்.

நான்காவது பொத்தான். ஈரக் கையில், மீன் செதிலோடு, தொடுதிரை சொன்னபடி கேட்காது. அழுத்தும் பொத்தான் உள்ளதையே எடுங்கள்.

ஆக, உங்கள் வேலைக்கு எட்ரெக்ஸ் எஸ்இயும் ஒரு மிதவையும் போதும். அடிக்கடி கருவியைத் தண்ணீரில் தவறவிடுபவர் கூட்டத்தில் இருந்தால் 79எஸ்.

பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறோம். வலையின் முதல் மிதவையைத் தண்ணீரில் விடும் அதே நொடியில் ஒரு புள்ளி, கடைசி மிதவைக்கு இன்னொரு புள்ளி பதியுங்கள். பெயர் ‘12அ’, ‘12ஆ’ மாதிரிக் குட்டையாக இருக்கட்டும். தமிழ் எழுத்து கருவியில் வராவிட்டால் எண்ணே போதும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கருவியில் பாருங்கள். 200 மீட்டர் வலைக்கு 190, 195 காட்டினால் சரி. 120 காட்டினால் வலை வளைந்து கிடக்கிறது, அல்லது ஒரு புள்ளியைத் தாமதமாகப் பதிந்திருக்கிறீர்கள். விடியலில் முதல் புள்ளியைத் தேர்ந்து ‘செல்’ என்று கொடுத்து, தூரம் 10 மீட்டருக்கு வந்ததும் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் தேடுங்கள். திறந்த வெளியில் நல்ல கருவிக்கே 3 முதல் 5 மீட்டர் பிழை உண்டு. அதற்குள் போய் அம்புக்குறியைத் துரத்தினால் வட்டம் அடிப்பீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: கருவிக்குத் தெரிந்தது வலையை விட்ட இடம், வலை இருக்கும் இடம் அல்ல. இரவில் காற்று எழும்பி, நங்கூரக் கல் லேசாக இருந்தால் வலை நகர்ந்திருக்கும். புள்ளியில் மிதவை இல்லையென்றால் காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கமாகவே தேடுங்கள்.

பாறை, மூழ்கிய மரம் போன்ற நிலையான இடங்களைப் பதியும்போது அன்றைய அணை மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். மேட்டூரின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. மட்டம் 110 அடியாக நிற்கும்போது 18 அடி ஆழத்தில் இருந்த பாறை, 95 அடிக்கு இறங்கினால் 3 அடியில் நிற்கும். மட்டம் எழுதாத புள்ளி வலையைக் கிழிக்கும்.

கேள்வி: கைப்பேசியிலேயே ஜிபிஎஸ் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு?
– இரா.கு., தருமபுரி

பதில்: கரையோரம் தூண்டில் போடுபவருக்குத் தேவையில்லை. டவர் இல்லாவிட்டாலும் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும். செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கேட்பதற்கு சிம் கார்டு வேண்டாம். இல்லாமல் போவது வரைபடம் மட்டுமே. வீட்டிலேயே ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் செயலியில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் தீர்ந்தது. ஆனால் உச்சி வெயிலில் கைப்பேசி சூடேறித் திரை மங்கும், ஈர விரலை அறியாது, பேட்டரி தீர்ந்தால் ஆபத்துக்குக் கூப்பிட இருந்த ஒரே வழியும் போய்விடும். இரவும் பனியும் உள்ள தொழிலுக்குத் தனிக் கருவி வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: கிருஷ்ணகிரி அணையில் நல்ல மீன் கிடைக்கும் இடம் என்று நண்பர் கைப்பேசியிலிருந்து 12.48, 78.18 என்று எண் அனுப்பினார். என் கருவியில் அடித்தால் குப்பம் பக்கம் காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?
– சு.வே., காவேரிப்பட்டணம்

பதில்: கருவி நன்றாக இருக்கிறது. கைப்பேசி டிகிரியைத் தசமத்தில் தருகிறது. பெரும்பாலான கைக்கருவிகள் வாங்கும்போதே டிகிரி, நிமிடம் என்ற முறையில் அமைந்திருக்கும். 12.48 டிகிரி என்பதை நீங்கள் 12 டிகிரி 48 நிமிடம் என்று அடித்துவிட்டீர்கள். புள்ளிக்குப் பின்னுள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும்: 0.48 × 60 = 28.8. அதாவது 12 டிகிரி 28.8 நிமிடம். அதேபோல 78.18 என்பது 78 டிகிரி 10.8 நிமிடம். வட தென் திசையில் ஒரு நிமிடம் சுமார் 1.85 கிலோமீட்டர். 19.2 நிமிடம் கூடிப்போனதால் 35 கிலோமீட்டர் வடக்கே தாவி ஆந்திரத்துக்குள் போய்விட்டது.

ஒவ்வொரு தடவையும் பெருக்குவதைவிட, அமைப்பில் ‘இட வடிவம்’ என்பதைத் தசம டிகிரிக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் ‘டேட்டம்’ என்று ஒன்று இருக்கும், இட எண்களைக் கணக்கிடும் அடிப்படை அது. அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கட்டும். சர்வே துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறு அடிப்படையில் போடப்பட்டவை. அவற்றிலிருந்து எண்ணை எடுத்து நேராக அடித்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

இன்னொன்று: இரண்டு தசம இடம் ஓர் இடத்தைச் சொல்லப் போதாது. 0.01 டிகிரி என்பது ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து தசம இடம் இருந்தால்தான் ஒரு மீட்டர் அளவில் பேச முடியும். நண்பரிடம் முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இதே கருவியால் மாந்தோப்பை அளக்கலாமா?
– ப.கோ., போச்சம்பள்ளி

பதில்: சொட்டுநீர்க் குழாய்க்குத் தோராயக் கணக்குப் போடலாம். எல்லைத் தகராறுக்கு உதவாது. ஒரு ஏக்கர் சதுரம் என்றால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். ஒரு பக்கக் கோடு மட்டும் 3 மீட்டர் தள்ளிப் பதிவானாலே நான்கரை சென்ட்டுக்கு மேல் கூடும், அல்லது குறையும். சர்வேயரைக் கூப்பிட்டு புலப்படம் (நில எல்லைகளைக் காட்டும் சர்வே படம்) வைத்து அளப்பதே வழி.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் இன்ரீச் வகைக் கருவி வாங்கி வருகிறேன் என்கிறார். காட்டில் டவர் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்புமாமே. அஞ்செட்டிப் பக்கம் காவிரிக்கு நடந்து போகத் திட்டம்.
– நா.ஜெ., ஓசூர்

பதில்: வேண்டாம், உடனே அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள். இன்ரீச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புவது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போடுகிறார்கள். செய்தியைக் கேட்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கார்மினில் ஒரே வரிசையில் இரண்டு வகையும் வருகின்றன: ஜிபிஎஸ்மேப் 67 சாதாரணம், 67ஐ என்பதில் இன்ரீச் உண்டு. அந்த ஒரு ‘ஐ’ (ஆங்கில i) எழுத்தைக் கவனியுங்கள். இன்னொன்று, அங்கே வாங்குவதில் உள்ள வரைபடம் அமெரிக்காவுடையதாகவே இருக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் இலவச வரைபடத்தை மெமரி கார்டில், கார்மின் என்ற பெயருள்ள கோப்புறையில் போட்டால் நம் ஊர் வந்துவிடும்.

நடைத் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஞ்செட்டியிலிருந்து காவிரி வரை உள்ள காட்டின் பெரும்பகுதி காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 2014இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நடப்பதோ மீன் பிடிப்பதோ கூடாது. யானை நடமாட்டம் உள்ள காடு. எந்தக் கருவியும் புதருக்கு அப்பால் நிற்கும் யானையைக் காட்டாது.

அனுமதியோடு, வனக் காவலர் துணையோடு போகும்போது இரண்டு விஷயம். மூங்கில் அடர்ந்த இடத்திலும், ஒகேனக்கல் போலப் பாறைச் சுவர் எழும்பிய இடத்திலும் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வரும். கருவி அதையும் நேராக வந்ததாக எண்ணி 30, 40 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையையும் வாங்கும் கருவி (67 அந்த வகை) இதில் தெளிவாகத் தேறும். அடுத்தது பிடிக்கும் முறை: மேலே தடியான ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் வகையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், எட்ரெக்ஸை மல்லாக்கப் பிடிக்க வேண்டும். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும்.

கேள்வி: பழைய கருவி ஒன்று மலிவாக வருகிறது. இடம் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் இருக்கிறது. வாங்கலாமா?
– அ.மு., அரூர்

பதில்: ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணி மறுபடி பூஜ்ஜியத்தில் தொடங்கும். கடைசியாக அது உலகப் பொது நேரப்படி 2019 ஏப்ரல் 6ஆம் தேதி நள்ளிரவில் நடந்தது. புதிய மென்பொருள் ஏறாத பழைய கருவிகள் அதிலிருந்து 19 ஆண்டு 7 மாதம் பின்னால் நிற்கின்றன. இடம் பிழையாவதில்லை, பயணப் பதிவின் தேதியும் சூரிய உதய நேரமும்தான் கெடும். வாங்கும் முன் பேட்டரி மூடியின் உள்ளே பச்சை படிந்திருக்கிறதா, ஓரத்து ரப்பர் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் போனால் தண்ணீர்க் காப்பும் போயிற்று. முதல் முறை போடும்போது வெட்டவெளியில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். எல்லாச் செயற்கைக்கோளின் அட்டவணையையும் இறக்க அதற்கே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். இரண்டே நிமிடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று கழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மீன் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் காட்டுமா?
– த.பெ., பாலக்கோடு

பதில்: காட்டாது. ஆழத்தையும் காட்டாது. அதற்கு ஒலி அனுப்பிப் பார்க்கும் சோனார் வேண்டும். நான்கு அங்குலத் திரையுள்ள சிறியவை சோனாரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே வருகின்றன. ஏறத்தாழ கால் ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டினால் ஓர் இரவு தாராளமாகத் தாங்கும். பஞ்சப்பள்ளி அணை போன்ற இடத்துக்கு அது போதும், மீன்பிடி உரிமம் முறையாக இருந்தால். ஆனால் ஒலி அனுப்பும் தலையை மூங்கில் பரிசலுக்கு உள்ளே வைத்தால் ஒன்றும் தெரியாது. பின்னலுக்கும் தார்ப்பூச்சுக்கும் இடையே உள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும். ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி, விளிம்புக்கு வெளியே ஓர் அடி ஆழத்தில், முகம் நேர் கீழே பார்க்கும்படி இறக்குங்கள். துடுப்புப் போடும் பக்கத்தில் வேண்டாம், நுரைக் குமிழியும் ஒலியைத் தடுக்கும்.