கிணற்றுக் கணக்கு: மதுரைப் பக்கத்து விவசாயிகள் கேட்டதும் என் பதில்களும்

பாசனக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, அந்த அளவை ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பயிர்த்திட்டம் பேசுவது பல வருடங்களாக என் வேலை. வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்ச் சங்கங்களோடு நிறைய உட்கார்ந்திருக்கிறேன். நிலத்தடி நீரை அந்தந்த ஊரே திட்டம் போட்டு நிர்வகிக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். முடியும் என்று நம்புகிறவன் நான். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் பருத்தி விவசாயி: அண்ணே, என் கிணறு 50 அடி. பக்கத்துத் தோட்டத்தில் 800 அடிக்கு போர் போட்டார்கள். அதிலிருந்து என் கிணறு மதியத்துக்குள் தரை தட்டிவிடுகிறது. அவர்கள் எடுப்பது ஆழத்துத் தண்ணீர், உன் தண்ணீர் வேறு என்கிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை தம்பி. நம் பகுதியில் பெரும்பாலும் கெட்டிப் பாறை. மேலே மண், அதற்குக் கீழே உளுத்துப்போன பாறை கொஞ்ச ஆழத்துக்கு, அப்புறம் கெட்டிப் பாறையும் அதில் அங்கங்கே வெடிப்புகளும். தண்ணீர் தங்கும் இடம் அந்த உளுத்த பாறைதான். கீழே இருக்கும் வெடிப்புகள் வெறும் வாய்க்கால் மாதிரி, அவற்றில் இருப்பு மிகக் குறைவு. 800 அடியில் மோட்டார் ஓடும்போது அந்த வெடிப்புகள் காலியாகும், மேலே இருக்கும் தண்ணீர் அவற்றுக்குள் இறங்கும். உங்கள் கிணறும் அவர் போரும் ஒரே பானையில் போட்ட இரண்டு அகப்பை.

என் அண்ணன் நிலத்திலும் இது நடந்தது. 700 அடி போட்டோம். முதல் வருடம் தண்ணீர் பீறிட்டு வந்தது, மூன்றாம் வருடம் காற்றுதான் வந்தது. அதற்குள் சுற்றியிருந்த நான்கு கிணறுகளின் மட்டம் இறங்கியிருந்தது. அந்தக் கிணற்றுக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வெகுநாள் ஆனது. நான் கயிறும் கையுமாக அலைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

உசிலம்பட்டி, ஊராட்சி வார்டு உறுப்பினர்: எங்கள் ஊருக்கு வருடத்துக்கு எவ்வளவு தண்ணீர் கீழே இறங்குகிறது என்று கணக்குப் போட முடியுமா?

போடலாம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஊரின் பரப்பு 1,000 ஏக்கர் என்று வைப்போம். நம் பகுதியில் சராசரியாக வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வருவது. பெய்த மழையில் பெரும்பகுதி ஆவியாகிறது, செடி குடிக்கிறது, ஓடையில் ஓடுகிறது. கெட்டிப் பாறைப் பகுதியில் 8 சதவீதம் இறங்கினால் நல்லது. அதாவது 68 மில்லிமீட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 4,047 லிட்டர். ஆக, 1,000 ஏக்கருக்கு ஏறத்தாழ 27 கோடியே 50 லட்சம் லிட்டர்.

கேட்க மலைப்பாக இருக்கும். செலவையும் பாருங்கள். ஊரில் 2,000 பேர், ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்றால் வருடத்துக்கு 4 கோடி லிட்டர். இதை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும், இதில் பேச்சே கிடையாது. மீதி 23 கோடியே 50 லட்சம். நெல்லுக்கு ஏக்கருக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது 48 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் வேண்டும். முழுக்க கிணற்றை நம்பி நெல் போட்டால் 48 ஏக்கரோடு கணக்கு முடிந்துவிடும். 1,000 ஏக்கர் ஊரில் வெறும் 48 ஏக்கர்! அதே தண்ணீரில் 350 மில்லிமீட்டர் கேட்கும் கம்போ உளுந்தோ என்றால் 166 ஏக்கர் விளையும்.

இது தோராயம்தான். மழைக்காலத்துப் பயிருக்கு வானமே பாதி தரும், கண்மாயிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் கசிந்து இறங்குவது தனி வரவு, வயலில் தேங்குவதில் ஒரு பங்கு மறுபடி கீழே போகும். இவற்றையெல்லாம் சேர்த்தால் ஏக்கர் எண்ணிக்கை கூடும். ஆனால் எத்தனை பங்கு கூட்டினாலும், இப்போது உங்கள் ஊரில் இறைப்பதற்குப் பக்கத்தில் வருமா என்று பாருங்கள். நான் பார்த்த பல ஊர்களில் வரவில்லை.

அதே நண்பர்: மட்டம் எத்தனை அடி ஏறினால் அத்தனை தண்ணீர் சேர்ந்ததாகும்?

பாறையில் 100 பங்குக்கு 2 பங்குதான் எடுக்கக்கூடிய தண்ணீர் என்று வைத்தால், 1,000 ஏக்கரில் மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் 8 கோடி லிட்டர். மேலே சொன்ன 27 கோடியே 50 லட்சம் சுமார் மூன்றரை மீட்டர் ஏற்றம். பதினோரு அடிக்குக் கொஞ்சம் கூட. நம் கணக்கு சரியா என்பதைக் கிணறே சொல்லிவிடும்.

மேலூர் பக்கம் இளைஞர்: அளப்பது எப்படி? கருவி வாங்க எங்களிடம் பணமில்லை.

கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு மீட்டர் டேப் போதும். கிணற்றுச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்டால் குறி போடுங்கள், எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால். ஊருக்குப் பத்துப் பதினைந்து கிணறு, மாதம் ஒரு நாள். ஜனவரி அளவும் மே அளவும் தவறவே கூடாது. மழை முடிந்த கையிருப்பை ஜனவரி காட்டும், வெயில் எவ்வளவு தின்றது என்பதை மே காட்டும்.

இறைப்பதை அளக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வையுங்கள். 40 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 5 லிட்டர். நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 1 லட்சத்து 8 ஆயிரம் லிட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், நம்மைவிட ஒழுங்காக நோட்டில் எழுதுவார்கள்.

வாடிப்பட்டி விவசாயி: நிலத்தடி நீர் பற்றிய அரசு அறிக்கையில் எங்கள் குறுவட்டம் (பிர்கா) பாதுகாப்பானது என்று இருக்கிறது. என் கிணறு சித்திரையில் வறண்டு கிடக்கிறது. எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்ட வாரியாக மதிப்பிடுகிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையின் தரவு மையமும் சேர்ந்து செய்கின்றன. வருடத்தில் எடுக்கத்தக்க தண்ணீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், அதைத் தாண்டினால் அதிநுகர்வு. ஆனால் ஒரு குறுவட்டத்தில் பல ஊர்கள் இருக்கும். பெரியாறு வாய்க்கால் பாயும் ஊரும், மலையடிவார மானாவாரி ஊரும் ஒரே சராசரிக்குள் போய்விடும். வாய்க்கால் ஊரின் ஈரத்தில் உங்கள் ஊரின் வறட்சி மறைந்துபோகும். அதற்காக அரசு அளவைத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் கிணற்று அளவை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள், அதிகாரிகளும் காது கொடுப்பார்கள்.

சோழவந்தான், ஓய்வு பெற்ற ஆசிரியர்: கலிபோர்னியாவில் உள்ளூர் அமைப்புகளிடமே நிலத்தடி நீரை ஒப்படைத்துவிட்டதாக என் மகன் சொல்கிறான். அங்கே என்னதான் செய்கிறார்கள்?

ஐயா, நல்ல கேள்வி. அங்கே 2014இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு நீர்ப்படுகைக்கும் உள்ளூர் பாசன வட்டங்களும் மாவட்ட நிர்வாகங்களும் நகரங்களும் சேர்ந்து 2017 ஜூனுக்குள் ஒரு முகமை அமைக்க வேண்டும் என்றார்கள். 250க்கும் மேற்பட்ட முகமைகள் உருவாயின. மிக மோசமாக உறிஞ்சப்பட்ட படுகைகள் 2020 ஜனவரிக்குள்ளும், முக்கியமான மற்ற படுகைகள் 2022 ஜனவரிக்குள்ளும் திட்டம் கொடுக்க வேண்டும். அதிலிருந்து இருபது வருடத்துக்குள் வரவும் செலவும் சமமாக வேண்டும்.

எனக்குப் பிடித்தது, எது நடக்கக் கூடாது என்று முதலிலேயே ஆறு விஷயங்களை எழுதி வைத்தது: மட்டம் தொடர்ந்து இறங்குவது, இருப்பு குறைவது, கடல்நீர் புகுவது, தரம் கெடுவது, நிலம் அமிழ்வது, ஆற்று நீர் வற்றுவது. எந்தக் கிணற்றில் எந்த அளவுக்குக் கீழே மட்டம் போகக் கூடாது என்று முகமையே ஒரு கோடு போட வேண்டும். திட்டம் சரியில்லை என்றால் மாநிலம் தலையிடும். துலாரே ஏரிப் படுகையை 2024 ஏப்ரலில் மாநில நீர் வாரியம் தன் நேரடிக் கண்காணிப்பில் வைக்க முடிவு செய்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சண்டை இல்லாமல் நடக்கவில்லை.

அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. அவர்களுடையது ஆழமான வண்டல் பூமி, களிமண் அடுக்குகள் நசுங்கி நிலமே இறங்கும். நமக்குப் பாறை, அந்தப் பயம் இல்லை. ஆனால் நம் இருப்பு சின்னது, இரண்டு வருடம் மழை பொய்த்தால் தீர்ந்துவிடும். அவர்கள் இருபது வருடத்துக்குத் திட்டம் போடலாம், நாம் ஒவ்வொரு தை மாதமும் போட்டாக வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கோடு. 'இந்தக் கிணற்றில் தை மாதம் மட்டம் 30 அடிக்குக் கீழே இருந்தால் கோடையில் நெல் இல்லை' என்று மழைக்கு முன்பே, யாருக்கும் கோபம் இல்லாத நேரத்தில், எழுதிக்கொள்ள வேண்டும்.

பேரையூர் விவசாயி: வெளியூர்க்காரர் வந்து போர் மேல் போர் போடுகிறார். ஊராட்சி தடுக்க முடியுமா?

ஓரளவுக்கு. ஊராட்சிப் பகுதியில் கிணறோ ஆழ்துளையோ போட 2015ஆம் ஆண்டு விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். குழந்தைகள் விழுந்து இறந்த துயரங்களுக்குப் பிறகு வந்த விதி அது, பாதுகாப்பை நினைத்து எழுதப்பட்டது. தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் கீழே இருக்கும் நீரையும் எடுக்கலாம் என்ற பழைய எண்ணம்தான் இன்றும் நடப்பு. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பிரிவதற்கு முந்தைய ஆந்திராவில் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்றையும் அளந்து, விதைப்புக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் நீர்க்கணக்கு வைத்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைப் பார்த்தவர்கள் பயிரை மாற்றினார்கள். மகாராஷ்டிராவின் ஹிவரே பஜார் ஊர் இன்னும் ஒருபடி போய், பாசனத்துக்கு ஆழ்துளை வேண்டாம் என்று தானே தீர்மானித்தது. மத்திய அரசு 2019இல் தொடங்கிய அடல் நிலத்தடி நீர்த் திட்டமும் ஊராட்சி அளவில் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் எழுதுவதுதான். அது ஏழு மாநிலங்களுக்கு வந்தது, தமிழ்நாடு அதில் இல்லை.

அலங்காநல்லூர் கரும்பு விவசாயி: சொட்டுநீர் போட்டுவிட்டேன். இனி நான் ஊர் கணக்கில் நல்லவன்தானே?

போட்டது நல்லது. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் கிடைக்கிறது, எல்லோரும் பயன்படுத்த வேண்டும். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்தீர்களா என்பதுதான் கேள்வி. வைத்திருந்தால் ஊர் கணக்கில் எதுவும் மிச்சமில்லை. முன்பு வாய்க்கால் வழியாகப் பாய்ச்சியபோது கீழே இறங்கிய கசிவும் இப்போது இல்லை என்பதால் பக்கத்துக் கிணறு முன்னைவிட இறங்கவும் கூடும். கரும்பு 1,800 மில்லிமீட்டருக்கு மேல் கேட்கும் பயிர். பரப்பைக் கூட்டாமல் இருந்தால்தான் சொட்டுநீரின் பலன் ஊருக்கு வரும்.

அதே பகுதியிலிருந்து இன்னொருவர்: கிணறுகள் வற்றுவதற்கு இலவச மின்சாரம்தான் காரணமா?

ஒரு காரணம். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அது இல்லாவிட்டால் சிறு விவசாயி நிற்க முடியாது, பறிக்கச் சொல்ல மாட்டேன். அளவு தெரியாமல் ஓடுவதுதான் குறை. மோட்டார் ஓடிய நேரத்தை எழுதி வையுங்கள், அது போதும்.

கருமாத்தூர் பக்கம் விவசாயக் கூலி: எனக்குக் கிணறு இல்லை ஐயா. அரை ஏக்கர், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சுகிறேன். இந்தக் கூட்டத்தில் என்னை யார் கேட்பார்கள்?

அம்மா, உங்களை அழைக்காமல் நடத்தும் கூட்டம் கிணற்றுக்காரர் சங்கம், ஊர்த்திட்டம் அல்ல. கிணறு வற்றினால் அவருக்கு மகசூல் போகும், உங்களுக்குத் தண்ணீரும் போகும், களையெடுப்புக் கூலியும் போகும், குடத்தோடு நடக்க வேண்டியதும் நீங்கள்தான். சில கண்மாய்களில் மடையை அடைத்துவிட்டு, தண்ணீரைத் தேக்கிக் கிணறுகளை ஊறவிடும் பழக்கம் வந்திருக்கிறது. கிணறு இருப்பவருக்கு அது லாபம். மடையை மட்டுமே நம்பியவரின் வயல் காய்ந்துவிடும். அப்படிச் செய்வதென்றால் கிணறு இல்லாதவருக்கு எத்தனை முறை பாய்ச்சத் தண்ணீர் தருவது, என்ன விலைக்கு என்று அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். கிராம சபையில் கேளுங்கள். அங்கே உங்களுக்கும் ஒரு ஓட்டு, பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு ஓட்டு.

கள்ளிக்குடி விவசாயி: கண்மாய் நிறைந்தும் கிணறு ஊறவில்லையே?

கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் தரையில், களிமண் படிந்து மெழுகின மாதிரி ஆகியிருக்கும். முறைப்படி அனுமதி வாங்கி வண்டலை வயலுக்கு அடியுங்கள், வயலும் தேறும் கண்மாயும் ஊறும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் பகுதி வைகைப் படுகை இல்லை, குண்டாற்றுப் படுகை. திட்டம் எழுதும்போது தாலுகாவைப் பார்க்காமல் தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது என்று பார்த்து, மேல் ஊரையும் கீழ் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி வார்டு உறுப்பினர், மறுபடியும்: சரி, எப்போது ஆரம்பிக்கலாம்?

இந்த மாதமே அளக்க ஆரம்பியுங்கள். மழை முடிந்ததும் அளந்த அளவை ஜனவரி 26 கிராம சபையில் பலகையில் எழுதி, கோடைப் பயிர் எத்தனை ஏக்கர் என்று பேசுங்கள். மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபையில் பேசியபடி நடந்ததா என்று பாருங்கள். முதல் வருடம் யாரையும் தடுக்க வேண்டாம், கிணற்றின் பெயரும் மட்டமும் மட்டும் பலகையில் இருக்கட்டும். இரண்டாம் வருடம், மட்டம் இதற்குக் கீழே போனால் கோடையில் நெல் இல்லை என்ற அந்தக் கோடு போடுங்கள். முதல் அளவெடுக்க நானே வருகிறேன், கயிறு கொண்டு வருகிறேன். பெயின்ட் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.